மகள் போகிற பட்டணம் பாதுகாப்பானதா?

செம்பூரிலிருந்து ஒரு சகோதரி நமக்கு எழுதியிருந்தார்கள். தகப்பனை இழந்த பிள்ளையைத் தையல் இயந்திரத்தை மிதித்து மிதித்தே நர்சிங் படிக்க வைத்த தாய் அவர்கள். இங்கிலாந்தின் கிழக்குப் பகுதியில், லிங்கன்ஷயரில் உள்ள பாஸ்டன் என்னும் சிறு பட்டணத்து மருத்துவமனையில் மகளுக்கு வேலைக்கான அழைப்பு வந்திருக்கிறது. வீட்டில் ஸ்தோத்திர ஜெபமும் நடந்து முடிந்தது. அதற்குப் பின்பு உறவுக்காரப் பையன் ஒருவன் தன் கைப்பேசியில் ஒரு பழைய செய்தியைக் காட்டி, "அத்தை, இங்கிலாந்திலேயே கொலை அதிகமாக நடக்கிற ஊர் இதுதான்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான். "மூன்று இரவுகளாய்க் கண் மூடவில்லை. பிள்ளையை அனுப்பலாமா, கூடாதா? விசாரித்துச் சொல்லுங்கள்" என்று கேட்டிருக்கிறார்கள்.

விசாரித்தோம். பையன் காட்டிய செய்தி பொய்யானது அல்ல. ஆயினும் அந்தச் செய்தியினிமித்தம் அந்தத் தாய் தூக்கத்தை இழக்க வேண்டியதில்லை. இவ்விரண்டும் ஒருங்கே உண்மையாயிருப்பது எப்படி என்பதைச் சற்று விரிவாகவே பார்க்க வேண்டும். ஏனெனில் நம் சபைகளிலிருந்து பிள்ளைகள் இப்படிப்பட்ட சிறிய ஊர்களுக்குத்தான் இப்பொழுது போகிறார்கள்.

பத்து வழக்குகளின் கணக்கு

2016 ஜனவரியில் ஆங்கிலப் பத்திரிகைகள் பாஸ்டன் பட்டணத்திற்கு ஒரு கொடிய பட்டத்தைச் சூட்டின. இங்கிலாந்து, வேல்ஸ் பகுதிகள் முழுவதிலும் கொலை விகிதம் மிகுந்த இடம் அது என்றன. லட்சம் பேருக்குப் பதினைந்து என்பதே அவை காட்டிய எண். இந்த எண்ணை அப்படியே விழுங்காமல் பிரித்துப் பார்ப்போம்.

முதலாவது, அது கொலைகளின் எண்ணிக்கை மாத்திரம் அல்ல. கொலை முயற்சி வழக்குகளும் அதனோடு சேர்த்து எண்ணப்பட்டன. பெரும்பாலானவை முயற்சி வழக்குகளே. இரண்டாவது, அந்த நகராட்சிப் பகுதியின் மொத்த ஜனத்தொகை அப்போது ஏறத்தாழ அறுபத்தாறாயிரம். லட்சத்துக்குப் பதினைந்து என்றால் அந்த ஓர் ஆண்டில் பதிவானவை ஏறக்குறைய பத்து வழக்குகள். ஒரே சண்டையில் மூன்று பேர் காயப்பட்டு மூன்றும் கொலை முயற்சியாகப் பதிவானால், சிறிய ஊரின் விகிதம் ஒரே இரவில் மேலே தாவிவிடும். அதே பத்து வழக்குகள் லண்டனில் கூடுதலாக நடந்திருந்தால், எண்பத்தாறு லட்சம் பேர் வாழ்ந்த அந்த மாநகரின் விகிதம் ஒரு புள்ளியின் பத்தில் ஒரு பங்கு அளவே அசைந்திருக்கும். ஒரு பத்திரிகையும் அதை எழுதியிராது.

நாற்பது பேர் படிக்கிற வகுப்பில் இருவருக்கு அம்மை போட்டால் பள்ளியே கதிகலங்குகிறது அல்லவா? நூற்றுக்கு ஐந்து என்று சொன்னால் கொள்ளை நோயைப்போல் தொனிக்கும். இருவர் என்று சொன்னால், யார், எந்த வீடு, இப்போது எப்படி இருக்கிறார்கள் என்று கேட்போம். சிறிய ஊர்களின் குற்ற விகிதத்தை வாசிக்கும்போது கேட்க வேண்டிய கேள்வியும் அதுவே.

நாட்டின் அளவைச் சொன்னால் ஒப்பிடுவது எளிதாகும். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் சேர்த்து, 2024 மார்ச்சில் முடிந்த ஓராண்டில் கொலையுண்டோர் சுமார் 570 பேர். அதாவது லட்சத்துக்கு ஒருவர் என்பதற்கும் சற்றுக் குறைவு. இந்தியாவில் 2022-இல் பதிவான கொலை வழக்குகள் 28,522, லட்சத்துக்கு இரண்டு. முயற்சிகளைச் சேர்க்காத கணக்குகள் இவை.

பாஸ்டன் எப்படிப்பட்ட பட்டணம்?

விதம் என்னும் ஆற்றின் கரையில், கடலுக்குச் சமீபமாய், கண்ணுக்கெட்டிய தூரம் மேடே இல்லாத சமவெளியில் அமைந்திருக்கிறது பாஸ்டன். அதன் நடுவே புனித பொட்டால்ஃப் ஆலயத்தின் கோபுரம் ஏறத்தாழ 272 அடி உயரத்திற்கு எழும்பி நிற்கிறது. அவ்வூரார் அதை 'ஸ்டம்ப்' என்று அழைக்கிறார்கள். வெட்டப்பட்ட மரத்தின் அடிக்கட்டை என்று பொருள். அத்தனை உயரமான கோபுரத்துக்கு இப்படியொரு பெயர் வைத்தவர்களின் நகைச்சுவையை என்னவென்பது! அமெரிக்காவின் புகழ்பெற்ற பாஸ்டன் மாநகரம் இந்தச் சிற்றூரிடம் பெயர் வாங்கியதே. இந்த ஆலயத்தின் போதகராயிருந்த ஜான் காட்டன் 1633-இல் கடல் கடந்து அந்தப் புதிய பாஸ்டனுக்குப் போய்ச் சேர்ந்தார்.

சுற்றிலும் இருப்பது சதுப்பு நிலத்தை வடித்து உண்டாக்கிய வளமான மண். முட்டைக்கோஸ், உருளைக்கிழங்கு, காலிஃபிளவர், பூக்கள் என்று எல்லாம் விளைகின்றன. பறிக்கவும் கழுவவும் பெட்டியில் அடுக்கவும் கைகள் வேண்டும். 2004 மே மாதத்தில் போலந்து, லிதுவேனியா, லாட்வியா முதலிய கிழக்கு ஐரோப்பிய நாடுகள் ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர்ந்தபோது, அந்நாடுகளின் வாலிபர் திரள்திரளாய் இங்கே வந்தார்கள். 2001-இல் ஐம்பத்தைந்தாயிரத்துச் சொச்சமாயிருந்த ஜனத்தொகை 2011-இல் அறுபத்துநாலாயிரத்தைத் தாண்டிற்று. அப்போது ஏறத்தாழப் பத்தில் ஒருவர் அந்நாடுகளிலிருந்து வந்தவர். 2021-இல் எழுபதாயிரத்தைக் கடந்தது. பத்தே ஆண்டுகளில் கடைத்தெருவின் பலகைகள் மாறின, வாடகை ஏறிற்று, ஒரே வீட்டில் பலர் நெருக்கியடித்துத் தங்கினார்கள், மருத்துவரைப் பார்க்க வரிசை நீண்டது. உள்ளூர்க்காரர் முணுமுணுத்தார்கள். தெருவில் உட்கார்ந்து மது அருந்துவதைப் பற்றிய புகார் பெருகி, 2015-இல் நகராட்சி மன்றம் ஊரின் நடுப்பகுதியில் அதற்குத் தடை விதித்தது. 2016 ஜூனில் ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு விலகலாமா என்று வாக்கெடுப்பு நடந்தபோது நாட்டிலேயே மிகுதியாக, நூற்றுக்கு 75.6 பேர், விலகவேண்டும் என்று வாக்களித்த பகுதி இதுதான். கொலைப்பட்டம் சூட்டிய செய்தி வந்தது அதற்கு ஐந்து மாதங்களுக்கு முன்பு என்பதையும் நினைவில் வைக்கவேண்டும்.

இதை வாசிக்கிற நம்மில் மூத்தவர்களுக்கு ஒரு காலம் நினைவுக்கு வரும். 1960-களின் பிற்பகுதியில் பம்பாயில், வேலைகளைப் பறித்தவர்கள் என்றும் ஊரைக் கெடுத்தவர்கள் என்றும் சுவரெங்கும் எழுதப்பட்டவர்கள் நாமே. கள்ளச்சாராயம் காய்ச்சினவன் ஒருவன் இருந்தால் தாராவியின் தமிழர் அனைவரும் அவனாகவே எண்ணப்பட்டார்கள். ஆகையால் பாஸ்டனின் லிதுவேனியரைப் பற்றிப் பேசும்போது நமக்குச் சற்று நிதானம் வேண்டும்.

பாஸ்டனிலும் அப்படியே ஒன்று நடந்தது. 2011 ஜூலையில், ஊரின் தொழிற்பேட்டையில் வாடகைக்கு எடுத்த ஒரு கொட்டகை வெடித்துச் சிதறியது. உள்ளே திருட்டுத்தனமாய் வோட்கா காய்ச்சிக்கொண்டிருந்தார்கள். ஐந்து பேர் மாண்டார்கள். ஐவரும் லிதுவேனியாவிலிருந்து வந்த வாலிபர்கள். ஊரார் குற்றத்தைக் கண்டார்கள். கூலிக்கு அந்த வேலையைச் செய்யப்போய் எரிந்துபோன பிள்ளைகளின் தாய்மாரைக் கண்டவர் எத்தனை பேர்?

2022 ஜூலையில் மற்றொரு துயரம் வந்தது. ஊரின் நடுவிலுள்ள தெருவில் விளையாடிக்கொண்டிருந்த ஒன்பது வயதுச் சிறுமி ஒருத்தி கத்தியால் குத்திக் கொல்லப்பட்டாள். லிதுவேனியக் குடும்பத்துப் பிள்ளை. அந்த இடத்தில் ஆங்கிலேயரும் வந்தேறிகளும் ஒன்றாய் வந்து பூக்களையும் பொம்மைகளையும் வைத்தார்கள். குற்றக் கணக்கில் அது ஒன்று என்னும் எண்ணாக மாத்திரமே ஏறியது. விகிதம் குறைந்த ஆண்டிலும் ஒரு வீடு பாழாகலாம். இதை மறைத்து அந்தச் சகோதரிக்கு ஆறுதல் சொல்வது நேர்மையாகாது.

இரண்டு தராசுகள்

அந்நாட்டில் குற்றத்தை அளக்க இரண்டு தராசுகள் இருக்கின்றன. ஒன்று, காவல்துறை தன் புத்தகத்தில் பதிவு செய்யும் வழக்குகள். மற்றொன்று, 1982 முதல் நடத்தப்பட்டு வரும் குற்ற ஆய்வு. இதில் வீடு வீடாய்ச் சென்று, "கடந்த பன்னிரண்டு மாதங்களில் உமக்கு என்ன நேரிட்டது?" என்று கேட்கிறார்கள். காவல் நிலையத்துக்குப் போகாதவர்களின் துன்பமும் இதில் எண்ணப்படும். இந்த ஆய்வின்படி குற்றங்கள் 1995-ஆம் ஆண்டில் உச்சத்துக்குப் போய், அதன்பின் மிகவும் குறைந்துவிட்டன. ஆனால் காவல்துறையின் புத்தகத்தில் வன்முறை வழக்குகள் பிற்பாடு ஏறிக்கொண்டே போயின. இதென்ன முரண்பாடு?

விடை 2014-இல் வெளிவந்த ஓர் அறிக்கையில் இருக்கிறது. காவல்துறையைச் சோதிக்கும் அரசு ஆய்வாளர்கள், தெரிவிக்கப்பட்ட குற்றங்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒன்று பதிவாகவே இல்லை என்று கண்டார்கள். பாலியல் குற்றங்களில் நான்கில் ஒன்றுக்கு மேல் விடுபட்டிருந்தது. அந்த வெட்கத்துக்குப் பின்பு பதிவு ஒழுங்காயிற்று. ஒழுங்கானவுடனே எண்ணிக்கை உயர்ந்தது. நம் நாட்டிலும் கேரளத்தின் குற்ற விகிதம் பல வட மாநிலங்களைவிட உயர்ந்து காணப்படுவதற்கு ஒரு முக்கியமான காரணம் இதுவே. அங்கே புகார் கொடுத்தால் எழுதிக்கொள்கிறார்கள். எழுதாத ஊர் காகிதத்தில் பரிசுத்தமாய்த் தெரியும்.

2011 முதல் அந்நாட்டில் எந்தத் தெருவில் என்ன குற்றம் பதிவாயிற்று என்பதை யாரும் வரைபடத்தில் பார்க்க ஏற்பாடு செய்திருக்கிறார்கள். செம்பூரில் இருந்துகொண்டே பார்க்கலாம். பார்க்கிறவர்களுக்கு இரண்டு எச்சரிப்புகள். புள்ளிகள் குற்றம் நடந்த சரியான வாசலைக் காட்டுவதில்லை; பாதிக்கப்பட்டவர் அடையாளம் தெரியாதிருக்கும்படி சற்றுத் தள்ளியே வைக்கப்படுகின்றன. இரண்டாவது, 'வன்முறை' என்னும் தலைப்பின் கீழ் காயம் உண்டாக்காத தாக்குதலும் தொந்தரவும் பின்தொடர்தலும் சேர்ந்தே எண்ணப்படுகின்றன. அவற்றில் எத்தனையோ வீட்டுக்குள்ளே, அறிந்தவர்களுக்குள்ளே நடப்பவை. கடைத்தெருவில் புள்ளிகள் குவிந்திருக்கும். ஏனெனில் சுற்றுக் கிராமங்கள் எல்லாம் அங்கே வருகின்றன. வந்துபோகிறவர்களின் குற்றமும் வசிக்கிறவர்களின் தலைக்கணக்கில்தான் வகுக்கப்படுகிறது.

தூரத்தில் எழும்பும் புயலும் உண்டு. 2024 ஜூலை 29 அன்று சௌத்போர்ட் என்னும் கடற்கரைப் பட்டணத்தில் நடன வகுப்பிலிருந்த மூன்று சிறுமிகள் கொல்லப்பட்டார்கள். கொன்றவன் படகில் வந்திறங்கிய அகதி என்று ஒரு வதந்தி அன்றைக்கே பரவியது. உண்மையில் அவன் வேல்ஸின் தலைநகரமான கார்டிஃபில் பிறந்தவன். ஆனாலும் அடுத்த ஒரு வாரம் பல ஊர்களில் கலவரம் எரிந்தது. சண்டர்லாந்தில் அவசரப் பணிக்குப் போய்க்கொண்டிருந்த பிலிப்பைன்ஸ் தேசத்து நர்சுகளின் வாகனத்தின்மேல் கல்லெறிந்தார்கள். இப்படிப்பட்ட வாரத்தில் மருத்துவமனை நிர்வாகம் சொல்லும் வழியிலும் நேரத்திலும் மாத்திரமே பிள்ளைகள் வெளியே போகவேண்டும். மற்றபடி அந்த நகரங்களிலும் கலவரத்தின் மறுநாள் காலையில் துடைப்பத்தோடு தெருவுக்கு வந்து கூட்டிப் பெருக்கியவர்கள் உள்ளூர்வாசிகளே.

விகிதத்தில் வராத குற்றம்

இதுவரை சொன்னது தெருவின் ஆபத்தைப் பற்றி. நம் பிள்ளைகளுக்கு அதைவிடச் சமீபமான ஆபத்து வேறொன்று இருக்கிறது. அது பெரும்பாலும் எந்த வரைபடத்திலும் புள்ளியாய்த் தெரிவதில்லை.

2004 பிப்ரவரி 5-ஆம் தேதி இரவில் இங்கிலாந்தின் மோர்கம் வளைகுடாவில் சிப்பி பொறுக்கிக்கொண்டிருந்த சீனத் தொழிலாளர்களைக் கடல் வாரிக்கொண்டது. குறைந்தது இருபத்தொரு பேர் மாண்டார்கள். அவர்களை அங்கே இறக்கிவிட்டவன், கூலிகளைத் திரட்டி வேலைக்கு விடும் கங்காணி. அந்த அதிர்ச்சியில்தான் அதே ஆண்டில், வயல் வேலைக்கு ஆள் திரட்டுகிறவர்கள் உரிமம் பெறவேண்டும் என்னும் சட்டம் பிறந்தது. பாஸ்டனைச் சுற்றிய வயல்களுக்கு அந்தச் சட்டம் மிகவும் தேவையாயிருந்தது. 2015-இல் நவீன அடிமைத்தனத்துக்கு எதிரான சட்டமும் வந்தது. கூலியைப் பிடித்துக்கொள்வது, பாஸ்போர்ட்டை வாங்கிப் பூட்டிவைப்பது, நெரிசலான வீட்டுக்கு அநியாய வாடகை கழிப்பது ஆகியவற்றுக்கு ஆளானவன், வேலை போய்விடுமே என்று காவல் நிலையத்தின் படி ஏறுவதில்லை. ஆகவே பதிவும் இல்லை, விகிதமும் இல்லை.

வயல் வேலையோடு இது நிற்கவில்லை. 2022-இல் முதியோரைப் பராமரிக்கும் வேலைக்கு வெளிநாட்டார் வர விசா திறக்கப்பட்டபோது இந்தியாவிலிருந்து ஆயிரமாயிரம் பேர் போனார்கள். ஏஜெண்டுகள் லட்சக்கணக்கில் வாங்கினார்கள். போய் இறங்கினால் வேலையே இல்லாதவர்களும், சொன்ன மணிநேரத்தில் பாதிகூடக் கிடைக்காதவர்களும் இருந்தார்கள். 2025 ஜூலையில் அந்த வழியில் வெளிநாட்டிலிருந்து புதிதாய் ஆள் எடுப்பதையே அந்த அரசு நிறுத்திவிட்டது. இன்றும் யாராவது "பராமரிப்பு விசா வாங்கித் தருகிறேன்" என்று நம் ஆராதனைக் கூடத்தின் வாசலில் நின்றால், அவன் சகோதரன் என்று அழைக்கப்பட்டாலும் கைப்பையைத் திறக்காதீர்கள். வேலை தேடிக் கொடுப்பதற்காகத் தொழிலாளியிடம் கட்டணம் வாங்குவதை அந்நாட்டுச் சட்டமே தடை செய்கிறது.

இதில் ஓர் ஆச்சரியம் இருக்கிறது. பாஸ்டனின் மிகப் பழைய புகழ்பெற்ற குற்றக் கதையும் ஏஜெண்டின் கதைதான். 1607-இல் ஸ்க்ரூபி என்னும் ஊரைச் சுற்றியிருந்த விசுவாசிகள் சிலர், அரசனுடைய சபையைவிட்டுப் பிரிந்து தங்கள் மனச்சாட்சியின்படி ஆராதிக்க விரும்பி, ஹாலந்துக்குப் போகத் தீர்மானித்தார்கள். அனுமதியின்றி நாட்டைவிட்டுப் போவது அன்று குற்றம். பாஸ்டனுக்கு அருகே ஒரு கப்பல் தலைவனிடம் பெருந்தொகை பேசி, இரவில் குடும்பங்களோடு ஏறினார்கள். அவனோ அதிகாரிகளோடு முன்னமே பேசிவைத்திருந்தான். ஏறினவர்களைக் காட்டிக்கொடுத்தான். அதிகாரிகள் அவர்களைத் திறந்த படகுகளில் இறக்கி, பணத்துக்காகச் சட்டை வரைக்கும் சோதித்து, பெண்களையும் விடாமல் தேடி, புத்தகங்களையும் பிடுங்கிக்கொண்டு, வேடிக்கை பார்க்கக் கூடிய ஜனத்தின் நடுவே பட்டணத்துக்குள் நடத்திச் சென்றார்கள். ஒரு மாதம் காவலில் இருந்தார்கள். பாஸ்டன் கில்டுஹால் மாளிகையில் அவர்கள் அடைக்கப்பட்டிருந்ததாகச் சொல்லப்படும் சிறிய அறைகளை இன்றும் காட்டுகிறார்கள். அடுத்த ஆண்டில் வேறொரு கரையிலிருந்து தப்பினார்கள். அவர்களில் சிலரே 1620-இல் மேஃபிளவர் கப்பலில் அமெரிக்காவுக்குப் போனவர்கள். பரதேசிகள் என்று பொருள்படும் பெயரை உலகம் அவர்களுக்குக் கொடுத்தது. செம்பூர்ச் சகோதரியின் மகள் வேலைக்குப் போகிற மருத்துவமனையின் பெயர் பில்கிரிம். அதே பெயர்தான்.

சகோதரிக்குச் சொல்வது

வேலைக்கான அழைப்பை நேராக மருத்துவமனையின் பெயரிலுள்ள முகவரியிலிருந்தே பெற்றாரா என்று மகளிடம் கேளுங்கள். விசாவுக்கு ஆதரவு தர உரிமம் பெற்றவர்களின் பட்டியலை அந்நாட்டு அரசே வெளியிடுகிறது. அதில் பெயர் இருக்கிறதா என்று அவரே பார்க்கட்டும். பாஸ்போர்ட்டை எந்த மேலாளர் கேட்டாலும் பார்க்கக் கொடுத்துத் திரும்ப வாங்கிக்கொள்ள வேண்டும், வைத்துக்கொள்ள விடக்கூடாது.

மருத்துவமனை ஊரின் வடக்கே, சிப்சி சாலையில் இருக்கிறது. டிசம்பரில் மாலை நான்கு மணிக்கே அங்கே இருட்டிவிடும். ஆகவே 'ஊர் பத்திரமா?' என்று கேட்பதைவிட, தங்கும் அறைக்கும் வார்டுக்கும் எவ்வளவு தூரம், இரவு முறை முடிந்து வருகிற வழியில் விளக்கு உண்டா, கூட வருகிறவர் யார் என்று கேட்பது பயனுள்ளது. அங்கே முன்னமே பணி செய்கிற மலையாளி, பிலிப்பினோ நர்சுகளில் ஒருவரோடு பேச முடிந்தால் பத்துப் பத்திரிகைகளைவிட அவர் அதிகம் சொல்வார். அவசரத்துக்கு 999, உடனடி ஆபத்தில்லாத புகாருக்கு 101. புகார் கொடுக்கப் பயப்படவேண்டாம். அங்கே காவலர் பெரும்பாலும் துப்பாக்கி ஏந்துவதில்லை.

ஆசிய நாட்டார் வீடுகளில் தங்கம் இருக்கும் என்று தெரிந்து புகும் கள்ளர்களைக் குறித்து அந்நாட்டுக் காவல்துறை பலமுறை எச்சரித்திருக்கிறது. நம் வீட்டுப் பெண்களுக்கு அந்தக் கவலை குறைவு! ஆனாலும் திருமணத்துக்கென்று யாராவது கொடுத்தனுப்பினால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

கடைசியாக ஒன்று. பிள்ளையின் பாதுகாப்புக்கென்று நீங்கள் மிளகுத்தூள் ஸ்பிரே வாங்கி வைத்திருப்பதாய் எழுதியிருக்கிறீர்கள். மும்பையில் அது கடையில் தாராளமாய்க் கிடைக்கிறது. மின்சார ரயிலில் போகிற நம் பெண்கள் பலர் வைத்திருக்கிறார்கள். இங்கிலாந்திலோ 1968-ஆம் ஆண்டின் துப்பாக்கிச் சட்டத்தின்படி அது தடை செய்யப்பட்ட ஆயுதம், வைத்திருப்பதே குற்றம். குற்றம் மிகுந்த ஊர் என்று பயந்து அனுப்புகிற அந்தச் சிறிய டப்பாவே உங்கள் மகளை அவ்வூரின் குற்றக் கணக்கில் சேர்த்துவிடக்கூடும். பெட்டியைப் பூட்டுவதற்கு முன்பே அதை எடுத்து வெளியே வைத்துவிடுங்கள். அந்த இடத்தில் ஒரு நல்ல கம்பளிக் கையுறையை வையுங்கள்.